உப்பை முன்னிட்டு ஒரு கடிதம்

வாணியம்பாடி

அன்புள்ள நண்பா,

எத்தியோப்பியாவுக்குப் பயிற்சியாளனாகச் செல்லவிருப்பதாக நீ எழுதியிருந்ததைப் படித்துப் பெருமகிழ்ச்சி அடைந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் மோஜோ நகரத்துத் தோல் தொழிற்சாலைகளில் இளைஞர்களோடு தோலைப் பதனிடும் டிரம் அருகில் நிற்கப்போகிறாய் என்று நினைக்கும்போதே, நாம் இருவரும் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நினைவுக்கு வருகிறது. இங்கே வீட்டில் அனைவரும் நலம். பேத்தி பள்ளியில் சேர்ந்துவிட்டாள். கிணற்று நீர் மட்டும் மாறவில்லை. அப்பா வைத்த தென்னைகளில் இப்போது இரண்டுதான் நிற்கின்றன.

அங்கே போனதும் எதை முதலில் சொல்வது என்று கேட்டிருந்தாய். பல நாள் யோசித்தேன். தோலைப் பதனிடப் பயன்படும் குரோமைப் பற்றிச் சொல்லலாம், சாயத்தைப் பற்றிச் சொல்லலாம். ஆனால் முதலில் உப்பைப் பற்றிச் சொல் என்பதே என் பதில்.

காரணத்தைச் சொல்கிறேன். 1989ஆம் ஆண்டில் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 'தூய்மையான உற்பத்தி' என்ற கருத்தை உலகத்தின் முன் வைத்தபோது, கழிவு உண்டான பிறகு அதைச் சுத்தம் செய்வதைவிட அது உண்டாகாமலேயே தடுக்க வேண்டும் என்பதுதான் அதன் உயிர்நாடியாக இருந்தது. அதே ஆண்டில்தான் ஜெர்மனி பென்டாகுளோரோபீனாலைத் தடை செய்தது. பூஞ்சைக்காக நாம் தாராளமாகத் தெளித்துவந்த அந்த மருந்தை நம் தொழில் எவ்வளவு வேகமாகக் கைவிட்டது என்பதை நீயும் கண்டாய். 1994இல் தோலுக்கு நிறமேற்றும் சில அசோ சாயங்களுக்கு ஜெர்மனியில் தடை வந்தபோதும் அப்படியே நடந்தது. தோலோடு கப்பலேறி அவர்கள் நாட்டுக்குப் போய்ச் சேரும் நஞ்சை அவர்களால் சோதித்துப் பார்க்க முடிந்தது, திருப்பி அனுப்பவும் முடிந்தது. பாலாற்றிலேயே தங்கிவிட்ட நஞ்சைச் சோதிக்க எந்தத் துறைமுகத்திலும் ஆள் இல்லை. 2005க்குப் பிறகு வாங்குவோர் தொழிற்சாலையின் தண்ணீரையும் கழிவையும் சேர்த்துத் தணிக்கை செய்யத் தொடங்கியது பெரிய மாற்றம்தான் என்றாலும், அதற்குள் நம் நிலத்தடி நீர் கெட்டுப்போயிருந்தது.

எவ்வளவு கெட்டது என்பதை 1996 ஆகஸ்டில் தோல் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்றும், திண்டுக்கல் பக்கத்து 13 ஊர்களில் 467 கிணறுகளில் 350 மாசுபட்டிருந்தன என்றும் அதில் உள்ளது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதிப்படுத்தியது. அதைப் படிக்கும்போதெல்லாம் அந்த 350 கிணறுகளுள் ஒன்றைப் போலவே எங்கள் கிணறும் என் கண்முன் வந்து நிற்கிறது.

அந்தக் காலத்தில் வெளிநாட்டு உதவி வராமல் இல்லை. கான்பூரில் தோல் தொழிற்சாலைகள் உள்ள ஜாஜ்மவுவில் நெதர்லாந்தின் துணையோடு, அந்நாட்டு அறிஞர் லெட்டிங்கா உருவாக்கிய காற்றில்லாமல் நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைச் செரிக்கவைக்கும் முறையில், நாளொன்றுக்கு 3.6 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் எழுந்தது. நகரத்துச் சாக்கடை நீர் மூன்று பங்கு, தோல் கழிவுநீர் ஒரு பங்கு எனக் கலந்து சுத்திகரிப்பது அதன் திட்டம். நல்ல பொறியியல்தான், ஆனால் குரோமையும் உப்பையும் நுண்ணுயிர்கள் தின்பதில்லை. தொழிற்சாலைக்குள்ளேயே தடுக்க வேண்டியதைக் குழாயின் கடைசியில் யார் கட்டினாலும் தடுக்க முடியாது.

வியன்னாவில் உள்ள ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பு 1990களில் நம் ஆசிய நாடுகளுக்காகச் சென்னையில் இருந்து நடத்திய திட்டம் வேறு வகையானது. அவர்கள் தொழிற்சாலைக்குள் வந்தார்கள். வழக்கமான முறையில் நாம் போடும் குரோமில் 60 முதல் 70 விழுக்காடுதான் தோலில் ஏறும், மீதி கழிவாக ஓடிவிடும். அந்தக் கழிவில் மக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்துக் குரோமைப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, மீண்டும் டிரம்மில் விடும் முறையை அவர்களும் அடையாற்று மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமான சி.எல்.ஆர்.ஐ.யின் அறிஞர்களும் நம் கண்ணெதிரே செய்துகாட்டியபோது, முதலில் நம்பாத முதலாளிகள்கூடப் பிறகு கேட்டு வாங்கினார்கள். மீட்ட குரோம் காசு அல்லவா?

உப்புக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை, ஏனெனில் அது மலிவானது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பைப் போடுகிறோம். ஊறல் தொட்டியில் அதன் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. ஊற வைப்பதற்கு முன் தோலை ஒரு மரச்சட்டத்தின்மேல் உதறி உப்பைக் கொட்டிவிடுங்கள் என்று அந்த ஐ.நா. அமைப்பினர் காட்டிய வழிக்கு இயந்திரமோ மின்சாரமோ தேவையில்லை. அந்த எளிமையினாலேயே அதை எவரும் தொழில்நுட்பமாக மதிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கரைந்த உப்பை மீட்பதற்கு இன்று சவ்வுகளும் ஆவியாக்கிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. கடைசியில் கிடைக்கும் கலப்பு உப்பை விற்கவும் முடியவில்லை, மழையில் கரையும் என்பதால் புதைக்கவும் முடியவில்லை. கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அது அடுக்கிக் கிடக்கிறது. ஆற்றில் ஓடியதைக் கொட்டகைக்கு இடம் மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான்.

கழிவைத் தேக்கி வைப்பது எத்தகைய ஆபத்து என்பதற்கு 2015 ஜனவரி கடைசியில் இராணிப்பேட்டையில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வெகுதொலைவிலிருந்து வந்த ஏழைகள். தூய்மைத் தொழில்நுட்பம் பற்றிய எந்தப் பயிற்சியும் அவர்களை நினைக்காமல் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

எத்தியோப்பியாவின் தோல் தொழில் நிறுவனமும் சி.எல்.ஆர்.ஐ.யும் இணை நிறுவனங்களாகச் சேர்ந்து பணியாற்றியதை நீ அறிவாய். தண்ணீர் விடாமலேயே குரோம் ஏற்றும் சி.எல்.ஆர்.ஐ. முறையையும் நீ அங்கே எடுத்துச் சொல்லப்போகிறாய். கற்றுக்கொண்ட நாடு கற்றுக்கொடுக்கும் நாடாவது நமக்குப் பெருமையே. ஆனால் நம் வெற்றிகளை மட்டும் எடுத்துப் போகாதே. பாலாற்றை எப்படி இழந்தோம் என்பதையும் கொண்டுபோ. மோஜோவிலும் ஊரின் பெயரையே தாங்கிய ஓர் ஆறு தோல் கழிவைச் சுமந்து ஓடுகிறது. குளிர்நாடுகளில் அறுத்த தோலைக் குளிரூட்டி உப்பில்லாமலேயே கொண்டுவருகிறார்கள். உப்பைக் குறைத்து வேறு பொருள் கலந்து பாதுகாக்கும் வழிகளையும் நம் ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். பெரிய நிலையங்களுக்குக் கடன் தர முன்வரும் நாடுகளிடம், இறைச்சிக் கூடத்தில் ஒரு குளிரறைக்கும் தோலை விரைந்து ஏற்றிவரும் வண்டிக்கும் முதலில் பணம் கேட்கும்படி அங்குள்ளவர்களிடம் சொல்.

போனதும் ஒரு விவரத்தை மட்டும் விசாரித்து எழுது: அங்கே ஆட்டை அறுத்த நேரத்திலிருந்து தோல் தொழிற்சாலை வாசலுக்கு வந்துசேர எத்தனை மணி நேரம் ஆகிறது, வழியில் எத்தனை கை மாறுகிறது, உப்பைப் போடுபவர் யார்? அந்தக் கணக்குக் கிடைத்தால், எவ்வளவு உப்பை விட்டுவிடலாம் என்று இங்கிருந்தே கணக்கிட்டு அனுப்புகிறேன்.

உன் அன்பு நண்பன்