நன்னோவின் வகுப்பில் யாரைக் காணோம்?

அன்புள்ள யாழினிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நீ பார்க்கச் சொன்ன ‘கேர்ள் ஃப்ரம் நோவேர்’ என்ற தாய்லாந்துத் தொடரின் இரண்டு சீசன்களையும் பார்த்து முடித்துவிட்டேன். பள்ளி பள்ளியாகச் சேர்ந்து, தப்பு செய்தவர்களைத் தண்டிக்கும் நன்னோவைப் பார்த்து, “இந்தப் பெண் பேயா, சாமியா?” என்று அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

எல்லா விதமான பெண்களும் இதில் இருக்கிறார்கள் என்று போனில் சொன்னாய். பாதியை ஒப்புக்கொள்கிறேன்.

பாதிக்கப்பட்ட பெண் தலைகுனிந்து அழ வேண்டும், நல்லவளாக இருந்தால்தான் அவளுக்கு நியாயம் கிடைக்கும் என்ற பழைய கணக்கை இந்தத் தொடர் தூக்கிப்போட்டுவிட்டது. காதோரம் வெட்டிய முடி, நெற்றியை மறைக்கும் முன்முடி, வெள்ளைச் சட்டை: எந்தப் பள்ளியிலும் கூட்டத்தோடு கலந்துவிடக்கூடிய தோற்றம்தான் நன்னோவுக்கு. பிறகு அந்தச் சிரிப்பு வருகிறது. அதைச் சற்றும் அவசரப்படாமல் நீட்டிக்கொண்டே போகிறார், நன்னோவாக நடிக்கும் சிச்சா அமத்தயகுல். கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். காரோட்டி உயிர்களைப் பறித்துவிட்டுப் பணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் மின்னியும் பெண்தான். குற்றவாளியாக இருக்கவும் பெண்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அது பெரிய விஷயம்.

பெண்களைக் கர்ப்பமாக்கிக் கைவிடும் மாணவன் தானே கர்ப்பமாகும் கதையை இரண்டு முறை பார்த்தேன். அது 2021 மே மாதம் வெளிவந்தது. பன்னிரண்டு வாரம் வரை கருக்கலைப்பு குற்றமில்லை என்று தாய்லாந்தின் சட்டம் மாறியது அதே ஆண்டு பிப்ரவரியில்தான். கர்ப்பமான மாணவிக்குப் படிப்பைத் தொடர உரிமை உண்டு என்று 2016இலேயே தனிச் சட்டம் போட்டிருந்தார்கள். அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டதே, அதிலிருந்தே தெரியவில்லையா அதுவரை பள்ளிக்கூடங்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்று? கறுப்பு வெள்ளையில் எடுத்த அத்தியாயமும் அப்படித்தான். 2020இல் பாங்காக்கின் சியாம் பகுதியில் ஒரு மாணவி, பள்ளியின் முடி விதியை மீறிய தன்னைத் தண்டிக்கச் சொல்லும் அட்டையோடும் கத்தரிக்கோலோடும் நாற்காலியில் உட்கார்ந்து போராடினாளே, அந்தக் கோபம் அதில் இருக்கிறது.

மறு பாதிக்கு வருகிறேன். நன்னோ எத்தனையோ பள்ளிகளில் சேர்கிறாள். ஆனால் தெற்கே பட்டானியிலோ யாலாவிலோ முக்காடு அணிந்து படிக்கும் மலாய் முஸ்லிம் பெண்ணை நான் எந்த வகுப்பிலும் பார்க்கவில்லை. நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வடகிழக்கில், இசான் பகுதியில் வாழ்கிறார்கள். தாய்லாந்துத் தொலைக்காட்சி நாடகங்களில் வீட்டு வேலைக்காரி பேசுவது பெரும்பாலும் அந்த ஊர்ப் பேச்சுத்தான், கதாநாயகியோ வெள்ளைத் தோல்காரி. இந்தத் தொடர் இவ்வளவு துணிச்சல் காட்டியும் அந்த வழக்கத்தை அசைக்கவில்லை. வடக்கு மலைகளில் குடியுரிமைச் சான்றே இல்லாமல் வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய வில்லன் ஆசிரியர் இல்லை, மாவட்ட அலுவலகத்தின் கோப்பு. நன்னோ அங்கே போய்ச் சிரித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்!

உண்மைச் செய்திகளிலிருந்து கதை எடுத்ததாகச் சொல்கிறார்கள். கோளாறு அங்கேயே தொடங்குகிறது என்பது என் எண்ணம். தலைப்புச் செய்தியில் இடம் கிடைக்காதவளுக்குக் கதையிலும் இடம் கிடைப்பதில்லை.

நன்னோவுக்குப் போட்டியாக வரும் யூரியைச் சொல்லி நீ என்னை மடக்குவாய், தெரியும். ஏழைப் பெண், அவளுக்கு இரண்டாம் சீசனில் பாதி ராஜ்யம். ஆனால் அவளுக்குக் கொடுத்தது வெறும் பழிவெறி. வேடிக்கை பார்க்கும் நிதானமும் குறும்பும் நன்னோவிடமே தங்கிவிட்டன. ஏழைக்கும் கொஞ்சம் குறும்பு கொடுத்திருக்கலாம்.

உன் அலுவலகத்தில் இசானின் உபோன் ஊர்ப் பெண் ஒருத்தி இருப்பதாகச் சொன்னாயே, அவள் இந்தத் தொடரைப் பார்த்தாளா? தன் ஊர்ப் பேச்சு எந்த நாடகத்திலாவது கௌரவமாக வந்திருக்கிறதா என்று அவளிடமே கேட்டு எழுது. வந்திருந்தால் பெயரையும் குறித்து அனுப்பு, அடுத்து அதைத்தான் பார்க்கப்போகிறேன்.

அன்புடன்,
அம்மா