மேடையில் விட்டுப்போன நன்றி

கம்மவான்பேட்டை ஊர்ப் பெரியவர்களுக்கும், சொந்தபந்தங்களுக்கும், என்னோடு வேலை பார்த்தவர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை சால்வை போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தீர்கள். எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை. 28 வருஷம் விடியற்காலையில் விமானிகள் முன்னால் நின்று பேசியவன்தான், ஆனால் அது காற்றும் மேகமும் பற்றிய பேச்சு. அதனால் எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போகும் ஊர் நம்முடையது. விமானப்படையில் வானிலை அதிகாரி என்றதும் "துப்பாக்கி உண்டா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். என் கையில் இருந்ததெல்லாம் தெர்மாமீட்டரும் பலூனும்தான்.

முதல் நன்றி அம்மாவுக்கு. களத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயும்போது ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார், "சாக்கை எடுடா" என்பார். நானும் தம்பியும் வாரி முடிப்பதற்குள் தூறல் விழும். வானத்தை எட்டுப் பங்காக்கி அதில் எத்தனை பங்கு மேகம் என்று எழுதவேண்டும் எனக் கோயம்புத்தூர் பயிற்சியில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா பங்கு பிரித்ததே இல்லை.

அடுத்து, ஊரிசு கல்லூரியில் இயற்பியல் எடுத்த பேராசிரியர். பாரமானியைப் படிக்கும்போது கண் பாதரச மட்டத்துக்கு நேராக இல்லாவிட்டால் தலையில் ஒரு குட்டு விழும். காற்றழுத்தத்தில் 1 ஹெக்டோபாஸ்கல் பிசகினால் விமானத்தின் உயரத்தைக் காட்டும் ஆல்டிமீட்டர் ஏறக்குறைய 30 அடி தப்பாகக் காட்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. குட்டுக்கு நன்றி ஐயா.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. வடக்கே ஒரு விமானதளம், ஜனவரி மாதம். மறுநாள் காலை மூடுபனி இருக்காது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு, ஒடிசாக்காரரான சார்ஜென்ட் கதவைத் தட்டினார். "சார், ஒரு தடவை வெளியே வந்து பாருங்கள்." வானம் நிறைய நட்சத்திரம். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் வானத்தைக் காட்டவில்லை, காவலாளி மூட்டியிருந்த கரி அடுப்பைக் காட்டினார். புகை மேலே போகாமல் முழங்கால் உயரத்திலேயே பாய் விரித்ததுபோல் கிடந்தது. காற்று அடியோடு நின்றிருந்தது. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டருக்கும் உலர்ந்ததற்கும் சாயங்காலம் நாலு டிகிரி வித்தியாசம் இருந்தது, இப்போது அரை டிகிரிகூட இல்லை. அந்த வித்தியாசம் குறையக் குறையக் காற்றில் ஈரம் நிறைகிறது என்று அர்த்தம். மேகமில்லாத வானம்தான் தரையை வேகமாகக் குளிரவிடும், அந்தக் குளிரில் ஈரக்காற்று மூடுபனியாகும். படித்ததுதான், அன்றைக்கு மறந்திருந்தேன்.

அறிக்கையை மாற்றி எழுதினேன். நட்சத்திரம் மின்னிக்கொண்டிருக்கும்போதே காலைப் பறப்புகளை நிறுத்திவைத்த ஃப்ளைட் கமாண்டர், ஏன் மாற்றினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்தரை மணிக்கு ஓடுபாதை விளக்குகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பாராட்டு என் பெயருக்கு வந்தது. கதவைத் தட்டியவர் சார்ஜென்ட்தான் என்று அன்றே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. அவர் இதைப் படிக்க வாய்ப்பில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத இடங்களில் நான் இருந்த வருஷங்களில், சத்துவாச்சாரியில் எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்ட அம்மா தன் குடத்துக்கு முன்னால் எங்கள் குடத்தை நிரப்பி வைத்தார். வேலூர் மே மாதத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது நடுராத்திரியில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பக்கத்து வீட்டுப் பையன்களுக்கும் என் நன்றி. என் மனைவிக்கு நேரில் சொல்லிவிட்டேன். "சரி சரி" என்றாள்.

விழாவில் யாரோ ஒரு கறுப்புக் குடையை விட்டுப் போயிருக்கிறீர்கள். அன்றைக்கு மழை வராது என்று நான் சொல்லியும் கொண்டுவந்தவர் யாரோ தெரியவில்லை. குடை வீட்டில் பத்திரமாக இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.