புதிய போர்வெல் வேண்டாம், பொதுக் கிணற்றைச் சீரமைத்துத் தர வேண்டி மனு

அனுப்புநர்:
குடிநீர்ப் பயனாளிகள் குழுவினர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்,
கொழிஞ்சாம்பாறை வட்டாரம், சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், பாலக்காடு.

பொருள்: பொதுக் கிணற்றைப் பழுதுபார்த்தல், மழைநீர் செறிவூட்டல், தமிழில் சுகாதாரப் பயிற்சி – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊருக்குக் குடிநீருக்காக இன்னொரு போர்வெல் போடும் யோசனை இருப்பதாக அறிகிறோம். அதைக் கைவிட்டு, அந்த நிதியில் பழைய பொதுக் கிணற்றைச் சீரமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் மழை குறைவு, நிலத்தடியில் கடினப்பாறை. போர்வெல் எட்டும் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய நீரில் புளோரைடு கரைந்து சேர்கிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரமே இல்லாதபோதும் 1.5-ஐத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500). தாண்டினால் குழந்தைகளின் பல்லில் கறை படியும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். காய்ச்சினாலும் பிளீச்சிங் பவுடர் போட்டாலும் புளோரைடு போகாது. காய்ச்சக் காய்ச்ச நீர் வற்றி அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். மழைநீர் ஊறும் மேல்மட்டக் கிணற்றில் இந்த ஆபத்து பெரும்பாலும் குறைவு. ஆனாலும் வேலை தொடங்கும் முன்பே கிணற்று நீரைக் கேரள வாட்டர் அத்தாரிட்டி ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். 1.5-க்கு மேல் வந்தால் கிணற்றுக்குச் செலவழிக்க வேண்டாம்; ஆற்றுநீரைக் குழாயில் தாருங்கள்.

கிணற்றுக்கு வரும் கெடுதல் மேலிருந்துதான். உறையின் மேல்பகுதி வெடித்திருப்பதால், துவைக்கும் தண்ணீர் நேரே உள்ளே கசிகிறது. மேலிருந்து 3 மீட்டர் ஆழம்வரை விரிசல்களைச் சிமெண்டால் அடைத்து, 75 செ.மீ. உயரக் கைப்பிடிச் சுவரும், சுற்றிலும் 1 மீட்டர் அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிந்த தளமும் கட்ட வேண்டும். கழிவுநீர் வாய்க்கால் வழியே தள்ளிப் போய்த் தென்னைக்குப் பாயட்டும். கக்கூஸ் குழிக்கும் கிணற்றுக்கும் 15 மீட்டராவது இடைவெளி வேண்டும். வாய்க்குக் கம்பிவலை போட்டு, ஆளுக்கொரு வாளி இறங்காமல் மோட்டாரும் மேல்நிலைத் தொட்டியும் வைக்க வேண்டும்; வாளியின் அடியில் ஒட்டிய மண்ணும் கிருமியை இறக்குகிறது.

தூர் வாருவதைச் சித்திரையில், நீர் அடியில் கிடக்கும்போது செய்ய வேண்டும். எக்காரணம் கொண்டும் டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கக் கூடாது. அதன் புகையே ஆளைக் கொன்றுவிடும். காற்று ஊதும் புளோயர், இடுப்புக் கயிறு, மேலே இரண்டு ஆள் இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாதென்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

குளோரின் போடுவதில் நடக்கும் தவறு பெரிது. பிளீச்சிங் பவுடரைக் கைப்பிடி கணக்கில் அப்படியே வீசுகிறார்கள். சுண்ணாம்பு அடியில் படிகிறதே தவிர கிருமி சாவதில்லை. 3 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 28,000 லிட்டர் இருக்கும். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் 70 கிராம் போதும். தூர் வாரிய பிறகு முதல் முறை இதில் இரு மடங்கு. பவுடரை முதலில் குழைத்து, வாளியில் முக்கால் பங்கு நீர் விட்டுக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றின் அடிவரை இறக்கிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து, நீரில் மிஞ்சிய குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப்பில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நீர் கலங்கலாக இருக்கும், அல்லது திறந்து வைத்த பவுடர் வீரியம் இழந்திருக்கும். ஆகவே காற்றுப் புகாத சிறு பொட்டலங்களாகவே வழங்குமாறு வேண்டுகிறோம்.

கோடையில் கிணறு வற்றாதிருக்கப் பக்கத்துப் பள்ளிக்கூரை நீர் உதவும். 200 சதுர மீட்டர் கூரையில் 100 மி.மீ. மழை பெய்தால், சேதாரம் போக 16,000 லிட்டர் கிடைக்கும். அண்டை மாவட்டமான திருச்சூரில் 2008 முதல் ‘மழப்பொலிமா’ திட்டம் இதைத்தான் செய்கிறது. முதல் மழையை வெளியே விட்டு, ஜல்லி, மணல், கரி நிரப்பிய டிரம் வழியே இறக்க வேண்டும். மணலை ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் கழுவாவிட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

கிணறு சுத்தமானாலும் குடத்துக்குள் கை போனால் பயனில்லை. கைப்பிடி நீண்ட அகப்பை, மூடிய குடம், கக்கூஸ் போன பின்னும் குழந்தைக்குக் கால் கழுவிய பின்னும் சமைக்கும் முன்னும் உண்ணும் முன்னும் 20 விநாடி சோப்புக் கைகழுவல், குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ்.ஸும் 14 நாள் துத்தநாக மாத்திரையும்: இவற்றை அங்கன்வாடியிலும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டங்களிலும் செய்து காட்ட வேண்டும். சுவரொட்டிகள் மலையாளத்தில் மட்டும் வருகின்றன. எங்கள் பெரியவர்கள் பலருக்கு அது வாசிக்கத் தெரியாது. தமிழில் அச்சிட்டு, தமிழ் பேசும் ஆஷா பணியாளரைக் கொண்டு நடத்துங்கள்.

மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்ட முறைப்படி, நீரை ஊரிலேயே சோதிக்கும் களச் சோதனைப் பெட்டியில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தர வேண்டும். கிருமிச் சோதனை பருவமழைக்கு முன்னும் பின்னும், இரசாயனச் சோதனை ஆண்டுக்கொரு முறை நடத்தி, முடிவுகளைக் கிணற்றடியிலேயே தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

தென்மேற்குப் பருவமழைக்கு முன் வேலை முடிய வேண்டுமானால் பங்குனிக்குள் மதிப்பீடு தயாராக வேண்டும். நிலத்தடி நீர்த்துறைப் பொறியாளரை இம்மாதமே இடம் பார்க்க அனுப்பி வைக்குமாறும், அவர் வரும் நாளை எங்களுக்குத் தமிழில் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குடிநீர்ப் பயனாளிகள் குழுவினர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், கிணற்றின் அளவு வரைபடம்.