உளி வைப்பதற்கு முன்: ஆசாரி அவர்களுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசாரி அவர்களுக்கு,

வணக்கம். இடித்த எங்கள் செட்டிநாட்டு வீட்டின் மரம், நினைவுப்பொருள்கள் செய்வதற்காக உங்கள் பட்டறைக்கு வந்து இறங்கிவிட்டது என்று தம்பி சொன்னான். மரம் அறுக்கும் வாளை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். செட்டிநாட்டில் இப்படி மரம் இறங்குவது எங்கள் வீட்டில் மட்டுமல்ல, அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

வீடு ஏன் இடிபட்டது என்று நீட்டி எழுத மனமில்லை. பங்காளிகள் பலர், ஆளுக்கொரு ஊர், நாடு. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பெருமைதான். ஆனால் ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றும் செலவு வீட்டுக்காரர்கள் தலையில்தான் விழுகிறது.

முழுசாக இருந்த முகப்புத் தூண்களும் கஜலட்சுமி உருவம் செதுக்கிய வாசல்நிலையும் இன்னொரு வீட்டில் நிற்கப் போகின்றன. நிற்கக்கூடிய தூணை நினைவுப்பொருள் என்ற பெயரில் துண்டு போடுவது அந்த வீட்டை இரண்டாம் முறை இடிப்பதாகும். உங்களிடம் வந்திருப்பவை அடி இற்றுப்போன வளவுத் தூண்கள் (வளவு என்பது வீட்டின் உள்முற்றக் கட்டு), முறிந்த உத்திரங்கள், தூண் தலையில் உத்திரத்தைத் தாங்கி, இப்போது ஒரு பக்கம் பெயர்ந்த போதிகைகள். இவற்றில்தான் உங்கள் கை பட வேண்டும்.

இது பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு. செட்டியார்களான எங்கள் ஐயாக்கள் அங்கே லேவாதேவி செய்த, அதாவது வட்டிக்குக் கடன் கொடுத்த, காலத்து மரம். 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தபோது, கடனைத் திருப்ப முடியாத உழவர்களின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி விளைநிலம் அவர்களிடம் இருந்தது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்ததும் பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். ஆகவே, நினைவு என்றால் எங்கள் குடும்பப் பெருமை மட்டும் இல்லை. நிலத்தை இழந்த அந்த உழவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். என் பேரப்பிள்ளைகளுக்கு நான் அதையும் சேர்த்தே சொல்வேன்.

இனி வேலை. இழைத்து இழைத்துப் புது மரம் போல மின்ன வைத்துவிடாதீர்கள். விளக்கு மாடத்துப் பக்கத் தூணில் எண்ணெய்க் கறுப்பு ஏறியிருக்கிறது. உட்காரும் மேடையான பட்டாலையின் தூண்களில், சாய்ந்து உட்கார்ந்தவர்களின் முதுகு பட்ட உயரத்தில் ஒரு வழவழப்பு இருக்கிறது. அங்கே என் அப்பத்தாவும் உட்கார்ந்திருந்தார். கழுந்து, அதாவது இணைப்பு முளை, இறங்கிய துளைகளை மாக்குப் பசை வைத்து அடைக்க வேண்டாம். அவையெல்லாம் போய்விட்டால் மிஞ்சுவது நல்ல தேக்கு மட்டுமே. அதைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். புதிதாக மயிலோ யாளியோ செதுக்கிப் பழசு போல் காட்டவும் வேண்டாம்.

உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன்: உள்ளே உடைந்த ஆணி இருக்கும், காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு அறுங்கள். சன்னல் கதவுகளில் இருக்கும் பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். அந்த மரத்தில் பிள்ளைகள் விளையாடும் சாமானோ சோறு வைக்கும் மரவையோ செய்யாதீர்கள்.

சாவிக்கொத்து, படச்சட்டம் எதுவும் எங்களுக்கு வேண்டாம். தினமும் கை படுகிற பொருள்கள் வேண்டும். உத்திரத்தில் பதினான்கு குழிப் பல்லாங்குழிகள், போதிகைத் துண்டுகளில் எழுத்துப் பெட்டிகள், அகலமான பலகையில், மணமக்கள் உட்காரும் கல்யாண மணைகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஊர்ப் பெயரையும் ‘வளவு, வடக்குத் தூண்’ என்பது போல அது நின்ற இடத்தையும் பொறியுங்கள். இறக்கும்போதே தம்பி சுண்ணாம்புக் கட்டியால் எல்லாவற்றிலும் குறித்திருக்கிறான். அந்தக் குறி அழிவதற்குள் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். கூடவே உங்கள் பெயரையும் பொறியுங்கள். அந்த வீட்டைக் கட்டிய ஆசாரிமார் ஒருவர் பெயர்கூட எங்களிடம் இல்லை. அந்தக் குறை இனியும் தொடரக் கூடாது.

எண்ணிக்கையில் எங்கள் புள்ளிகளை, அதாவது எங்கள் குடும்பங்களை, மட்டும் கணக்கிடாதீர்கள். வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் காலமெல்லாம் சமைத்தவர் வீட்டுக்கு ஒரு பெட்டி, பூட்டிக் கிடந்த வருடங்களில் விளக்கேற்றிக் காத்தவருக்கு ஒன்று. அதற்கான கூலி என் பங்கில்.

வைகாசியில் பங்காளி வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். மணையை மட்டும் முதலில் முடித்துக் கொடுங்கள். மற்றவை மெதுவாக வரட்டும்.

இப்படிக்கு,
அந்த வீட்டில் பிறந்தவள்