கடலைமாவு

கோபி
செவ்வாய்க்கிழமை

கண்ணு,

நல்லா இருக்கியா? இங்க எல்லாரும் சுகம். செவலை மாடு கெடேரிக் கன்னு போட்டிருக்குது. நெத்தியில வெள்ளைப் பொட்டு. நீ டீம் லீடர் ஆனதை உங்க அப்பா பஸ் ஸ்டேண்டு டீக்கடை வரைக்கும் சொல்லிட்டு வந்துட்டாரு. எனக்கும் பெருமைதான். ஆனா பாரியூர் கோயில் குண்டம் திருவிழாவுக்கு வர்றேன், வர்றேன்னு சொல்லி ரெண்டு வருஷமாச்சு. லீவு இல்லைங்கறே. சரி.

ராத்திரி சாப்பாட்டை எட்டு மணிக்குள்ள முடிச்சுக்கோ. பதினோரு மணிக்கு ஆர்டர் போட்டு பிரியாணி வேண்டாம். போன்ல இதைச் சொன்னா உனக்கு மீட்டிங் வந்துடுது. அதான் எழுதறேன்.

அப்பாவுக்கு சுகர் பாக்க ஈரோடு போயிருந்தோம். வரிசையில ஒரு பொண்ணு, பதிமூணு வயசு இருக்கும். கழுத்து அப்படியே உன்னோடது மாதிரி கறுத்துத் தடிச்சிருந்துச்சு. எனக்கு உட்காரவே முடியலை. உள்ள போனதும் அப்பாவோட ரிப்போர்ட்டை விட்டுட்டு டாக்டரம்மாகிட்ட அதைத்தான் கேட்டேன். "தேய்ச்சா போகாதுங்க, அது அழுக்கே இல்லை"ன்னாங்க.

சோறு சர்க்கரையாகி ரத்தத்துல வருது, அதைத் தசைக்குள்ள சேத்தறது இன்சுலினாம். வயித்துக்குள்ளயும் ஈரல்லயும் கொழுப்பு சேர்ந்துட்டா, இன்சுலின் சொல்றதை ஒடம்பு கேக்கறதில்லை. கணையம் விடாம மேல மேல சுரக்குது. அப்படி மிஞ்சின இன்சுலின்தான் கழுத்துத் தோலைத் தடிக்க வெச்சுக் கறுப்பாக்குதாம். கணையம் இழுத்துப் பிடிக்கற வரைக்கும், பல வருஷத்துக்கு சுகர் சரியாவே காட்டுமாம். அதனால "ஆபீஸ் செக்கப்ல நார்மல்"னு நீ சொன்னதை வெச்சு எனக்குத் தூக்கம் வராது. மாசக் கணக்கு தள்ளிப் போறதுக்கும் இதுக்கும் தொடர்பு உண்டாம், இன்சுலின் கூடினா சினைப்பையில ஆம்பளை ஹார்மோனும் கூடுமாம். அதைப் பத்தி நான் உன்னைக் கேக்கலை. நீயா சொன்னா கேட்டுக்கறேன்.

நம்ம நாட்டுப் பொம்பளைங்களுக்கு வயித்துச் சுத்தளவு 80 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணுமாம். வந்ததும் தையல் டேப்ல என்னோடதை அளந்தேன். 91. அம்மாயி கம்மஞ்சோறும் ராகிக்களியும் தின்னுட்டு நாள் முழுக்கக் காட்டுல நின்னாங்க. நாம மூணு வேளையும் அரிசி தின்னுட்டு ஒக்காந்திருக்கோம். சுகர்னால பெரியமாமா கால் போனதை நீயும் பாத்தவ.

இதைச் சரி பண்ணலாம், கண்ணு. சுகர் வர்ற நெலையில இருந்த 531 பேரை வெச்சு சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் குழு ஆராய்ச்சி பண்ணி, 2006ல வெளியிட்டிருக்காங்க. நடையும் சாப்பாடும் மாத்தினவங்களுக்கு சுகர் வர்றது நூத்துக்கு 28 பங்கு குறைஞ்சிருக்குது. 80 கிலோ இருக்கறவங்க அஞ்சாறு கிலோ எறக்கினாலே நல்ல மாத்தம் தெரியுமாம். பட்டினி கிடக்காதே. பொரியலும் பருப்பும் மொதல்ல, சோறு கடைசியில, அளவா. சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நட. நடக்கறப்ப தசை தானே சர்க்கரையை எடுத்துக்குமாம். ராத்திரி எட்டு மணிக்குள்ள.

இதெல்லாம் எழுதறேனே தவிர, எழுத வேண்டியது வேற.

ஏழாவது படிக்கறப்ப சனிக்கிழமை சனிக்கிழமை உன்னைக் கல்லுமேல ஒக்கார வெச்சு, கடலைமாவும் எலுமிச்சம்பழமும் போட்டு பீர்க்கங்காய் நார்ல கழுத்தைத் தேய்ச்சேன். தோல் வழண்டு எரியுதுன்னு அழுதே. "பொம்பளப்புள்ளைக்கு இத்தனை அழுக்கா"ன்னு சின்ன அத்தை காதுல விழற மாதிரியே சொன்னேன். நீ அன்னைக்கு ரெண்டு தடவை குளிச்சே. அதுக்கப்புறம் துப்பட்டா உன் கழுத்தை விட்டு எறங்கலை. தட்டுல மூணாந்தடவை சோத்தைப் போட்டதும் நான்தான், சீர் வீட்டுல நாலு பேர் முன்னாடி ஒடம்பைச் சொன்னதும் நான்தான். உன் ஒடம்பு அப்பவே சொல்லிச்சு. நான் அதைத் தேய்ச்சுக் கழுவப் பாத்தேன். என்னை மன்னிச்சுக்கோன்னு உன் முகத்தைப் பாத்துச் சொல்ல வாய் வரலை.

பார்சல்ல கொள்ளும் ராகி மாவும் அனுப்பறேன். கொள்ளை ராத்திரியே ஊற வை. அங்கயே ஒரு நல்ல டாக்டரைப் பாரு. கூட வரச் சொன்னா மொத பஸ்ஸுல கெளம்பிடுவேன், அங்க வந்து வாயே திறக்க மாட்டேன்.

ஞாயித்துக்கிழமை கூப்பிடு. கேமராவை மூடிட்டே பேசு, பரவாயில்லை.

அம்மா