தர்பூசணிப் பெட்டிக்குள் தக்காளித் தாள்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வீட்டுக்குள் நாற்று வளர்க்கும் தர்பூசணிப் பெட்டியில் உள்ள தவறான செய்முறைத் தாள்

ஐயா / அம்மா,

வணக்கம். விதையில்லா தர்பூசணி நாற்றை வீட்டுக்குள்ளேயே வளர்ப்பதற்காக நீங்கள் விற்கும் பெட்டியை வாங்கினேன். 24 விதைகள், 20 தென்னைநார் வில்லைகள், மூடியுள்ள ஒரு தட்டு, சின்ன எல்இடி விளக்கு, ஒரு செய்முறைத் தாள் ஆகியவை அதில் இருந்தன. அந்தத் தாளில் உள்ளபடியே எல்லாம் செய்தேன். விதைத்த 20 விதைகளில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு நாற்று. அதுவும் வளர்ச்சி நின்று கிடக்கிறது.

உங்கள் விதையில் குறை இருப்பதாக நான் சொல்லவில்லை. தாளில்தான் குறை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வெளியில் நடுவதற்கு எட்டு வாரம் முன்பே விதைக்க வேண்டும், அரை சென்டிமீட்டர் ஆழம் போதும், சாதாரண அறை வெப்பமே போதும், வில்லை எப்போதும் நன்றாக நனைந்திருக்க வேண்டும் என்று தாள் சொல்கிறது. அப்படியே செய்து ஜன்னலோரம் வைத்தேன். இரண்டு வாரத்தில் ஒன்பதுதான் முளைத்தன. மீதி பதினொன்றைத் தோண்டிப் பார்த்தேன். விரலால் அழுத்தியதும் கூழாக வந்தன. அப்போதுதான் வில்லைக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்க்கத் தோன்றியது. அறையில் 21 டிகிரி காட்டிய அதே விடியற்காலையில் வில்லைக்குள் 17 டிகிரிதான் இருந்தது. சாதாரண தர்பூசணி விதையே 25 டிகிரிக்கு மேல்தான் ஒழுங்காக முளைக்கும். விதையில்லா ரகத்துக்கு விதைத்தோல் தடிமன், உள்ளே இருக்கும் முளைக்கரு சிறியது. அதற்கு 30 டிகிரி அளவில் வெப்பம் வேண்டும், ஈரமும் அளவாக இருக்க வேண்டும். குளிர்ந்த சேற்றில் கிடந்தால் முளைக்கும் முன்பே அழுகிவிடும். அந்தப் பதினொன்றுக்கும் நடந்தது இதுதான்.

முளைத்த ஒன்பதும் நன்றாக இல்லை. மூன்றில் விதைத்தோல் வித்திலைகளின் (விதையிலிருந்து முதலில் விரியும் இலைகளின்) மேலே தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டது. ஈரப் பஞ்சை வைத்து ஊறவிட்டு இரண்டை எப்படியோ விடுவித்தேன். மூன்றாவதில் தோலோடு இலையும் கிழிந்து வந்தது, அது பிழைக்கவில்லை. ஆழம் அரை சென்டிமீட்டராக இருந்ததும் இதற்குக் காரணம். இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டால் மேலே முட்டி வரும்போது மண்ணே தோலைப் பிடித்து உரித்துவிடும். கூர்முனை மேலே இருக்கும்படி விதையை நட்டால் இன்னும் நல்லது.

மீதி எட்டும் நூல் மாதிரி நீண்டு வளைந்தன. விளக்கு இரண்டு சாண் உயரத்தில் இருக்கட்டும், மாலையில் சில மணி நேரம் எரிந்தால் போதும் என்று தாளில் இருந்தது. வெளிச்சம் குறைந்தால் நாற்று வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டும். அந்தத் தண்டுக்கு இலையைத் தாங்கும் பலம் இருக்காது. அவ்வளவு சின்ன விளக்கை இலைக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் மேலே இறக்கி, ஒரு நாளைக்கு 14 மணி நேரமாவது எரியவிட்டிருக்க வேண்டும்.

இலைகள் வெளுக்கத் தொடங்கியதும் படங்களோடு உங்கள் சேவைப் பிரிவுக்கு எழுதினேன். "தண்ணீர் போதவில்லை, தினமும் இருமுறை ஊற்றுங்கள், திரவ உரமும் விடுங்கள்" என்று பதில் வந்தது. இந்தக் கடிதத்தில் எனக்கு அதிக வருத்தம் தருவது இந்த இடம்தான். நான் அனுப்பிய படத்தில் தட்டின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்பது தெளிவாகத் தெரிந்தது. நாற்று தாகத்தால் வெளுக்கவில்லை. நீரில் மூழ்கிய வேருக்குக் காற்று கிடைக்காததால் சத்தை எடுக்க முடியாமல் வெளுத்தது. நிறுவனத்தின் ஆள் சொல்கிறாரே என்று நம்பி ஊற்றினேன். மூன்றே நாளில் ஐந்து நாற்றுகள் மண் மட்டத்தில் தண்டு சுருங்கி, கம்பி மாதிரி மெலிந்து, அப்படியே சாய்ந்தன. அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்ணில் வாழும் கிருமிகளால் வருவது. குளிர்ச்சி, அதிக ஈரம், காற்றோட்டமில்லாத மூடி மூன்றும் சேர்ந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். சாய்ந்த நாற்றை எந்த மருந்தாலும் நிமிர்த்த முடியாது. முளைத்ததும் மூடியை எடுத்துவிட வேண்டும் என்ற ஒரு வரி தாளில் இருந்திருந்தால், அந்த ஐந்தில் சிலவாவது இன்று உயிரோடு இருந்திருக்கும்.

சரி, மிஞ்சிய மூன்றையாவது காப்பாற்றலாம் என்று தாளை மறுபடி எடுத்தேன். "தண்டு நீண்டுவிட்டால் கழுத்துவரை மண்ணில் புதைத்து நடவும், புதைந்த தண்டிலிருந்து வேர் விடும்" என்று இருந்தது. இரண்டை அப்படியே பெரிய தொட்டியில் நட்டேன். ஒரே வாரத்தில் இரண்டும் புதைத்த இடத்திலேயே அழுகின. அதற்கு அடுத்த வரியைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது: "இலைக் கக்கத்தில் வரும் பக்கக் கொழுந்துகளைக் கிள்ளிவிட்டு, செடியைக் குச்சியில் கட்டவும்."

இது தக்காளிக்கு எழுதிய தாள். அரை சென்டிமீட்டர் ஆழம், எட்டு வாரம், சாதாரண அறை வெப்பம், தண்டைப் புதைப்பது, கொழுந்து கிள்ளுவது எல்லாமே தக்காளிக்குப் பொருந்தும். தலைப்பை மட்டும் தர்பூசணி என்று மாற்றி அச்சிட்டிருக்கிறீர்கள். தர்பூசணிக்கு வேரைத் தொந்தரவு செய்தாலே பிடிக்காது. மூன்று நான்கு வாரத்தில், வித்திலைகளுக்கு அடுத்து இரண்டு மூன்று நிஜ இலைகள் வந்ததும், வேர் கலையாமல் வெளியே போய்விட வேண்டும். எட்டு வாரம் வைத்திருந்தால் கொடி ஓடத் தொடங்கிவிடும், அப்புறம் எப்படி நட்டாலும் சுணங்கும். கடைசி நாற்றின் வில்லையைச் சுற்றியிருந்த வலையைக் கத்தரித்துப் பார்த்தேன். வலையைத் தாண்ட முடியாமல் வேர்கள் உள்ளேயே சுருண்டு கிடந்தன. நடும் முன் வலையை வெட்ட வேண்டும் என்பதும் தாளில் இல்லை.

பெட்டியில் மீதமிருந்த நான்கு விதைகளை நானே வேறு விதமாகப் போட்டுப் பார்த்தேன். அடியில் துளையிட்ட காகிதக் கோப்பைகள், பிழிந்தால் சொட்டாத அளவுக்கு ஈரமான மண்கலவை, இரண்டு சென்டிமீட்டர் ஆழம், கீழே 30 டிகிரியில் ஹீட் மேட் (அடியிலிருந்து சூடேற்றும் மின்விரிப்பு). முளைக்கும்வரை மேலே தண்ணீர் ஊற்றவில்லை. ஆறாம் நாள் மூன்று முளைத்தன. உடனே ஹீட் மேட்டிலிருந்து எடுத்து, உங்கள் விளக்கையே தாழ இறக்கி வைத்தேன். மூன்றும் குட்டையாக, தடித்த தண்டோடு நிற்கின்றன. நாற்றை வளர்த்து ஆளாக்குவதில் எனக்கு இருக்கும் ஆசையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த மூன்றையும் காலையில் பார்த்தபோது சந்தோஷத்தைவிட, முதலில் விதைத்த இருபதில் பத்தொன்பது வீணாகப் போனதே என்ற துக்கம்தான் அதிகம் வந்தது.

இன்னொரு குறையும் உண்டு. விதையில்லாச் செடியின் மகரந்தத்துக்கு வீரியம் கிடையாது. அருகில் விதையுள்ள சாதாரண ரகம் பூத்து, அதன் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்தால்தான் காய் பிடிக்கும். பெட்டியில் அந்த விதை ஒன்றுகூட இல்லை, தாளில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாற்றைப் பிழைக்கவைத்து நட்டவர்கள்கூட, பூ பூத்துக் காய் நிற்காமல் கொட்டுவதைப் பார்த்துத் தங்களைத்தான் நொந்துகொள்வார்கள்.

நான் கேட்பது இவைதான். பெட்டிக்குக் கட்டிய தொகையை முழுவதும் திருப்பித் தாருங்கள். இந்தப் பெட்டியை வாங்கிய எல்லோருக்கும் தாள் தவறு என்று தெரிவித்து, சரியான தாளை அனுப்புங்கள். விதைக்கும் காலம் இன்னும் முடியவில்லை, இப்போதே சொன்னால் பலருடைய விதை தப்பும். மகரந்தத்துக்கான சாதாரண ரக விதையைத் தனி நிற உறையில் போட்டுப் பெட்டியில் சேருங்கள். ஹீட் மேட் தேவை என்பதைப் பெட்டியின் வெளிப்பக்கத்திலேயே அச்சிடுங்கள். சேவைப் பிரிவில் பதில் எழுதுபவர்கள், தண்ணீர் ஊற்றச் சொல்வதற்கு முன் வாடிக்கையாளர் அனுப்பிய படத்தைத் திறந்து பார்க்கட்டும்.

பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். ரசீது, செய்முறைத் தாளின் நகல், வெப்பமானியோடு எடுத்த படங்கள், சேவைப் பிரிவின் பதில் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்