பென்னிகுவிக் படமும் கிராம சபையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

'வெள்ளைக்காரனே ஆண்டிருக்கலாம்' என்ற தொனியில் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முதல் சான்றாக முல்லைப் பெரியாறு அணையைக் காட்டியிருந்தார் கட்டுரையாளர். அந்தத் தண்ணீரில் நெல் போடுபவன் நான். எங்கள் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களை ஒட்டி, அந்த அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக்கின் படம் இருக்கிறது. தை பிறந்தால் அவருக்கும் சேர்த்துத்தான் பொங்கல் வைக்கிறோம்.

அந்த நன்றி வேறு, ஆளும் உரிமை வேறு. 1886-இல் எழுதப்பட்ட 999 ஆண்டுக் குத்தகை திருவிதாங்கூர் மன்னருக்கும் லண்டனில் இருந்த இந்தியத் துறை அமைச்சருக்கும் இடையிலானது. மலைக்கு இந்தப் பக்கத்து விவசாயியையும் கேட்கவில்லை, அந்தப் பக்கத்துக் குடியானவனையும் கேட்கவில்லை. இன்றுவரை இரு தரப்பும் வழக்கும் வாய்தாவுமாக அலைகிறோம்.

'அப்போது நமக்குப் பக்குவம் போதவில்லை' என்கிறார். பழைய பல்லவிதான். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பளம் வாங்கியவர். மறு ஆண்டே சுதந்திரத்தைப் பற்றி எழுதிய பெரிய நூலில், பின்தங்கிய சமூகங்களுக்கு இது பொருந்தாது என்று ஓரிடத்தில் கழித்துக்கட்டிவிட்டார். இந்தியாவை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை! கேள்வித்தாளும் ஆள்பவன் கையில், மதிப்பெண்ணும் அவன் கையில் என்றால் ஆளப்படுகிறவன் எந்தக் காலத்தில் தேறுவான்? 1960 டிசம்பர் 14-இல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 1514-ஆம் தீர்மானம் இந்தச் சாக்கைத்தான் அடைத்தது: ஆயத்தம் போதவில்லை என்று சொல்லி விடுதலையைத் தள்ளிப்போடக் கூடாது. ஆதரவு 89, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. பிரிட்டன் உட்பட ஒன்பது நாடுகள் நடுநிலை என்று ஒதுங்கிக்கொண்டன.

நம் ஆட்சி ஒழுங்காக நடக்கிறது என்று நான் வாதாட வரவில்லை. போன ஆகஸ்ட் 15 கிராம சபையில், வாய்க்கால் தூர்வாரிய கணக்கு எங்கே என்று எழுந்து கேட்டேன். தலைவர் மழுப்பினார். பின் வரிசையிலிருந்து நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மா, "அந்த வாய்க்காலில் மண்வெட்டியே விழவில்லையே" என்றார். கூட்டம் சிரித்தது, தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிய பிறகுதான் கையெழுத்துப் போட்டோம். 1895-இல் அணையைத் திறந்துவைத்த துரைமாரிடம் அந்த அம்மாவின் பாட்டி இப்படிக் கேட்டிருக்க முடியுமா?

வாய்க்கால் இன்னும் தூர்ந்துதான் கிடக்கிறது. அக்டோபர் 2 கூட்டத்துக்கு அந்த அம்மா இன்னும் நாலு பேரைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
கம்பம் பள்ளத்தாக்கு விவசாயி ஒருவர்